மொட்ட மாடி வழியா நியூ இயர்

விஜிக்கா ஊட்டுக்காரரு ஜம்புலிங்கம் கீறாரே, அவரு பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணு தான். அதுவும் தப்புனு தெரிஞ்சி பண்ணல, பெருமையா பண்ணாரு.

பாரிவாக்கத்துல எங்க தெரு ஒரு முட்டுச் சந்து. ஒரு பக்கம் ஒட்டிக்கினு ஒட்டிக்கினு ஒம்போது ஊடு, எதிர்ல குடோன் செவுரு, ஊட்டுக்கு பின்னால ஏரித் தண்ணி போற கால்வா. மெயின் ரோட்டுல இருந்து உள்ள வர இந்த ஒரு வழி தான். மய பேஞ்சா முட்டி வரைக்கும் சேறு. ஜம்பு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்றவரு. ஷிப்ட் முடிஞ்சி வந்து மூணு வருசமா ரோடு வேணும்னு மனு எழுதிக்கினே இருந்தாரு. ஒம்போது ஊட்டுக்கும் போயி கையெழுத்து வாங்குவாரு, ஆபீஸ்ல குடுப்பாரு, அத்த அவங்க எங்க வைப்பாங்களோ, அடுத்த மாசம் திரும்ப எழுதுவாரு.

டிசம்பர்ல ஒரு வழியா ஜல்லி வந்து எறங்குச்சி. மேஸ்திரி முனியன், பொங்கலுக்கு அப்பால தான் சிமெண்ட்டுனு சொல்லிட்டாரு. இவரு உடல. டெய்லி காத்தால இஸ்மாயில் பாய் டீக்கடைல மேஸ்திரிய குந்த வச்சி, டீ சொல்லி, வட சொல்லி, "அண்ணாத்தே, புது வருசத்துக்கு புது ரோடு. நெனச்சி பாரு, எப்டி இருக்கும்"னு ஓதிக்கினே இருந்தாரு. கடைசில மேஸ்திரியே போதும்டா சாமினு, முப்பத்தியொண்ணாந் தேதி காத்தால ஒம்போது மணிக்கு லாரிய கொண்டாந்து நிறுத்திட்டாரு. ஜம்பு அண்ணன் அன்னிக்கி லீவு போட்டு கூடவே நின்னாரு. மத்தியானம் ரெண்டுக்கெல்லாம் தெரு பூரா பளபளனு, ஒரு கோடு இல்லாம.

மூணு மணிக்கு விஜிக்கா வேல முடிஞ்சி ஷேர் ஆட்டோல வந்து எறங்குச்சி. கைல ரெண்டு பை, ஒண்ணுல அரிசி, ஒண்ணுல வெங்காயம் தக்காளி புதினா. தெரு முனைல அப்டியே நின்னுடுச்சி.

"இன்னாயா இது?"

"ரோடு."

"ரோடுனு கண்ணுக்கு தெரியுது. இன்னிக்கி ஏன்யா போட்ட?"

"நானா போட்டேன், அவங்க போட்டாங்க. புது வருசத்துக்கு..."

"நாளிக்கு நம்ம ஊட்டுக்கு யாரு வராங்கனு சொல்லு பாப்போம்."

ஜம்பு அண்ணனுக்கு அப்போ தான் சுருக்குனு ஏறுச்சி. மூஞ்சி அப்டியே எறங்கிப் போச்சி. "அஞ்சலை, எழிலு, அன்னம்மா"னு மெதுவா சொன்னாரு.

"எப்டி வருவாங்க, றெக்க கட்டிக்கினா?"

மேஸ்திரி குறுக்க வந்து, "யம்மா, நாளன்னிக்கி வரைக்கும் யாரும் கால வைக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். நாயி பூனை வந்தா கூட கல்லெடுத்து தொரத்துங்க"னாரு. நேரங்காலம் தெரியாத மனுசன்.

அது சாதாரண விருந்தா இருந்தா விஜிக்கா இவ்ளோ கொதிச்சி இருக்காது. அயனம்பாக்கத்துல ஏரிய பாத்தா மாதிரி ஒரு பெரிய பிளாட் கீது, முந்நூறு ஊடு. அங்க பதினோரு வருசமா விஜிக்கா ஹவுஸ்கீப்பிங். பதினோரு வருசமும் ஜனவரி ஒண்ணு அங்க தான். தீவாளிக்கு லீவு கெடைக்கும், பொங்கலுக்கு கெஞ்சுனா கெடைக்கும், ஒண்ணாந் தேதிக்கு மட்டும் வாயே தெறக்கக் கூடாது. ராத்திரி பூரா அவங்க ஆடுவாங்க, காத்தால ஆறு மணிக்கு இவங்க போவணும். லிப்ட் கண்ணாடில கேக்கு கிரீமு அப்பிக்கினு இருக்கும், அத்த தகரத்தால சொரண்டணும். கலர் பேப்பரு துண்டு துண்டா வெட்டி பறக்க உட்ருப்பாங்க, பனில நனைஞ்சி தரையோட ஒட்டிக்கும், ஒவ்வொண்ணா நகத்தால பேத்து எடுக்கணும். தெர்மாகோல் உருண்ட வேற. தொடப்பத்த கிட்ட கொண்டு போனாலே ஓடும்.

விஜிக்காவுக்கு ஒரு நெனப்பு. மொத நாள் இன்னா செய்றமோ அது தான் வருசம் பூரா நம்மளது. மொத நாள் அடுத்தவங்க ஊட்டு வாசல பெருக்குறோம், அதான் முந்நூத்தி அறுவத்தஞ்சி நாளும் பெருக்குறோம். ஜம்பு அண்ணன், "அதுக்கு பேரு சம்பளம் விஜி"னு சொல்லுவாரு. அக்கா கேக்காது. இந்த வருசம் செப்டம்பர்லயே சூப்பர்வைசர் ஸ்ரீகாந்த் சார் கிட்ட போயி நின்னுச்சி. தீவாளி டூட்டி நான் பாக்குறேன், பொங்கலும் நானே பாக்குறேன், ஒண்ணாந் தேதி மட்டும் உட்ருங்கனு. நாலு தபா கேட்டு, பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கி வச்சிகீது.

லீவு வாங்கி தூங்கவா போவுது. கூட வேல செய்ற மூணு பேத்துக்கும் சோறு போடணும். பதினோரு வருசமா நாலு பேரும் ஒண்ணா சாப்புடுறது பேஸ்மெண்ட்ல, தண்ணி மோட்டார் ரூமாண்ட, பெயிண்டு டப்பாவ கவுத்து போட்டு அதுமேல குந்திக்கினு. ஒருத்தி ஊட்டுக்கு ஒருத்தி போனதே இல்ல. அவங்க மூணு பேத்துக்கும் அன்னிக்கி காத்தால ஷிப்ட், ரெண்டு மணிக்கு முடியும். முடிச்சிட்டு நேரா இங்க வரணும்னு பேச்சு.

எழிலு கிட்ட விஜிக்கா போன்ல பொலம்புனது பரவி, சாய்ந்தரம் அஞ்சலைக்கா போன் பண்ணுச்சி. "விஜி, சிமெண்ட் போட்டுட்டாங்களாமே. உடுடி, இன்னொரு நாள் வச்சிக்கலாம்."

"இன்னொரு நாள்னா அது வேற நாளு."

"அது சரி தான். ஆனா எப்டி?"

"எப்டினு நான் பாத்துக்கறேன். நீங்க காலி வயித்தோட வாங்க."

சொல்லிட்டு விஜிக்கா பாய் கடை பெஞ்சுல குந்திடுச்சி. வழி தான் தெரியல. ஊட்டுக்கே எப்டி போறதுனு தெரியல. தெரு பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க வாசப்படில நின்னுக்கினு, கைல கலர் பொடி டப்பா வச்சிக்கினு, கோலம் போட எடமில்லாம ரோட்டையே பாத்துக்கினு இருந்தாங்க. கடைசி ஊட்டு பொண்ணு ஒண்ணு குச்சிய எடுத்துக்கினு ஈர சிமெண்ட்ல ஹேப்பினு எழுத குனிஞ்சிது, மேஸ்திரி போட்ட சத்தத்துல டப்பாவோட உள்ள ஓடிடுச்சி.

இஸ்மாயில் பாய் பாய்லருக்கு பின்னால இருந்து எட்டிப் பாத்தாரு. தெருவுக்கு மொத ஊடு அவருது. கீய டீக்கடை, மெயின் ரோட்டு பக்கமா வெளிய படிக்கட்டு.

"ஏம்மா, கீய வழி இல்லனா இன்னா, மேல மாடி கீதுல்ல? என் படி ஏறு. அடுத்தது சந்தோஷ் தம்பி மாடி. அதுக்கப்பால ராஜம்மா. அப்பால உன் ஊடு. நாலே மாடி தான?"

விஜிக்கா நிமுந்து பாத்துச்சி. ராஜம்மானு பேரு வந்ததும் திரும்ப குனிஞ்சிக்கிச்சி.

ராஜம்மாவுக்கும் விஜிக்காவுக்கும் ஆறு மாசமா பேச்சு இல்ல. விஜிக்கா ஊட்டு டேங்க்கு ரொம்பி வயிஞ்சி, பக்கத்து மாடில ராஜம்மா காய வச்ச மொளகா அஞ்சி கிலோவும் ஊறிப் போச்சி. ராஜம்மா ஒரு வார்த்த சொன்னா, விஜிக்கா ரெண்டு சொல்லுச்சி, அப்பால மூஞ்சிய பாத்தா கதவ சாத்திக்கிறது தான்.

"நான் வேணா போயி கேக்கவா?"னு ஜம்பு அண்ணன் கேட்டாரு.

"நீ ஒண்ணும் கேக்காத. நீ கேட்டு வாங்குன ரோடு போதும்."

படி ஏறுச்சி. சந்தோஷ் தம்பி தென்காசி பக்கம், ஐ.டி. வேல, மாடி ரூம்ல வாடகைக்கு கீது. "தாராளமா போங்கக்கா. கொடில துணி கெடக்கு, கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க"னு வழி உட்டுச்சி. அவன் மாடி கைப்புடி செவுத்தாண்ட போயி விஜிக்கா நின்னுச்சி. அந்தப் பக்கம் ராஜம்மா கோலம் போட்டுக்கினு இருந்தா. ரோடு போச்சேனு மாடில போட்டுக்கினு இருந்தா. பெருசா ஒரு மயிலு, வாலுக்கு பச்ச போட்டுக்கினே தல தூக்காம கேட்டா.

"இன்னா, ஊடு மாறி வந்துட்டியா?"

"வழி கேக்க வந்துகீறேன்."

"அதான் உன் ஊட்டுக்காரரு ஷோக்கா ரோடு போட்டாரே. அதுல போறது."

"நாளிக்கு மூணு பேரு வராங்க. கூட வேல செய்றவங்க. உன் மாடி மேல நடந்து வரணும்."

ராஜம்மா பச்சைய உட்டுட்டு நீலத்த எடுத்தா. "மூணு பேத்துக்கு தான் சோறாக்குறியா?"

"நாலு பேத்துக்கு ஆக்குறேன்."

"நான் சோத்துக்கு அலையல."

"நானும் வழிக்காவ கூப்டல."

"பொய் சொல்லாத. வழிக்காவ தான் கூப்டற."

"ஆமா. வழிக்காவ தான் கூப்டறேன். வா."

ராஜம்மாவுக்கு சிரிப்பு வந்துடுச்சி, அடக்கிக்கினா. "மயிலு மேல கால் படாம ஓரமா போ. உன் பக்கம் தாண்டும்போது பாத்து, நம்ம ரெண்டு ஊடு மட்டும் தான் ஒட்டல, ரெண்டடி சந்து கீது நடுவுல."

"தெரியும், என் ஊடு தான அது."

"தெரிஞ்சா சரி."

அந்த ரெண்டடிக்கு மேஸ்திரி கிட்டயே சென்ட்ரிங் பலக ஒண்ணு வாங்கிக்கினு வந்து போட்டாரு ஜம்பு அண்ணன். மேஸ்திரி குடுக்க மாட்டேன்னு தான் சொன்னாரு. அப்பால விஜிக்கா மூஞ்சிய பாத்துட்டு குடுத்துட்டாரு.

ஒண்ணாந் தேதி காத்தால செம்ம பனி. ஏரிப் பக்கம் ஒண்ணுமே தெரியல, கோயில் மைக்குல மார்கழி பாட்டு மட்டும் கேட்டுக்கினு கீது. ஆறு மணிக்கே ஜம்பு அண்ணன் மாடி மாடியா தாண்டிப் போயி நாலு கிலோ கோழி வாங்கிக்கினு வந்தாரு. அப்பால வெறகு. அப்பால பாய் ஊட்டு அண்டா. அப்பால தயிரு. அப்பால தயிருக்கு போனவரு முட்டைய மறந்துட்டாருனு திரும்ப முட்டை. ஒவ்வொரு தபாவும் சந்தோஷ் தம்பி ஜட்டி பனியனுக்கு கீய குனிஞ்சி, ராஜம்மா மயில சுத்தி, பலக மேல மூச்ச புடிச்சிக்கினு. கீய மேஸ்திரி ஆளுங்க சிமெண்ட் மேல சாக்கு விரிச்சி தண்ணி உட்டுக்கினு இருந்தாங்க, மேல இவரு சர்க்கஸ்.

மாடில செங்கல்லு வச்சி அடுப்பு மூட்டி விஜிக்கா தான் ஆக்குச்சி. எண்ண காஞ்சி பட்ட கிராம்பு பொரிஞ்சி, வெங்காயம் செவக்க செவக்க, நாலு ஊட்டு மாடிக்கும் வாசம். இஞ்சி பூண்டு போட்டு கிண்டும்போது பாய் அவரு மாடில இருந்தே கொரல் குடுத்தாரு.

"அடி புடிக்கப் போவுது, வெறக இயுத்துடு."

"பாய், மூணு மாடி தாண்டி உங்களுக்கு அடி புடிக்கறது தெரியுதா?"

"முப்பது வருசம் பாய்லர் முன்னாடி நிக்கறேன்மா. மூக்கு தான் என் மீட்டரு."

"அப்போ இங்க வந்து தம் போட்டுட்டு போங்க."

பாய் வந்தாரு. வரும்போது சும்மா வரல, ஒரு தூக்குல பிரெட் அல்வா. அரிசி முக்காப் பதம் வெந்ததும் மூடி போட்டு, மேல நெருப்பு அள்ளி வச்சி, "இருவது நிமிசத்துக்கு யாரும் தொறக்காதீங்க"னு அங்கயே சேர் போட்டு குந்திட்டாரு. கத்திரிக்கா தாள்ச்சா ஒரு பக்கம் கொதிக்குது. விஜிக்கா குளிச்சி, கத்திரிப்பூ கலர்ல புது பொடவ கட்டிக்கினு, செவுத்தாண்ட வந்து நின்னுச்சி. மணி ரெண்டேகால்.

ரெண்டரை. ரெண்டே முக்கா. தெரு முனைல யாரும் இல்ல.

"வந்துடுவாங்க"னு ஜம்பு அண்ணன் சொன்னாரு.

"உன்ன யாரு கேட்டா?"

மூணு அடிக்க அஞ்சி நிமிசம் கீது, பாய் படிக்கட்டுல சத்தம். மொதல்ல எழிலரசி, மூணு பேர்ல சின்னவ. கைல கேக்கு டப்பா, அத்த தலைக்கு மேல தூக்கிக்கினு. பின்னால அஞ்சலைக்கா. கடைசியா அன்னம்மா, நல்ல கனம், மூச்சு வாங்கிக்கினு. மூணு பேரும் யூனிபார்ம மாத்திக்கினு, பஸ் ஸ்டாண்டுல பூ வாங்கி வச்சிக்கினு வந்துகீறாங்க.

ராஜம்மா அவ மாடில டிராபிக் போலீஸ் மாதிரி நின்னுக்கினு கீறா. "இப்டி ஓரமா. மயிலு, மயிலு. ஒருத்தர் ஒருத்தரா பலக ஏறுங்க. அவ தாண்டட்டும், அப்பால நீ."

எழிலு ஒரே எட்டுல தாண்டிட்டா. அஞ்சலைக்கா கண்ண மூடிக்கினு தாண்டுச்சி. அன்னம்மா பலகையாண்ட வந்து நின்னுட்டா.

"நான் இங்கயே குந்திக்கறேன்டி. சோத்த இங்க குடுங்க."

எழிலு இந்தப் பக்கத்துல இருந்து, "ஏன்க்கா, ஏயாவது மாடி பால்கனி கண்ணாடிய வெளிய தொங்கிக்கினு தொடச்சது நீ தான?"

"அங்க இடுப்புல கயிறு கட்னாங்கடி. இங்க இன்னா கீது?"

"நான் கீறேன்"னு ராஜம்மா அன்னம்மா இடுப்ப ரெண்டு கையால புடிச்சா. "வுயுந்தா ரெண்டு பேரும் வுயுவோம், வா."

"நீ யாரும்மா?"

"மாடிக்காரி."

இந்தப் பக்கம் விஜிக்கா கைய நீட்டுச்சி. முன்னால ஒரு கை, பின்னால ரெண்டு கை, நடுவுல அன்னம்மா, பலக கிரீச்சுனு ஒரு சத்தம். தாண்டுனதும் அன்னம்மா விஜிக்காவ புடிச்ச கைய உடவே இல்ல. "ஹேப்பி நியூ இயர்டி"னு சொல்லிட்டு அப்டியே தரைல குந்திடுச்சி.

"குந்துங்க, எல்லாரும் குந்துங்க"னு விஜிக்கா பாய விரிச்சிது. ஆனா குந்துனாங்களா? அஞ்சலைக்கா எலைய எடுத்துக்கினு போட போவுது, எழிலு சொம்ப தேடுறா, அன்னம்மா குந்தின எடத்துலயே கீய கெடந்த வெங்காய சருக பொறுக்கி மடில போட்டுக்குது. பழகுன கை, சும்மா இருக்க மாட்டேங்குது.

"யாராவது ஒரு வேல செஞ்சீங்கனா பலகைலயே திருப்பி அனுப்பிடுவேன்"னுச்சி விஜிக்கா. அப்பால தான் அடங்குனாங்க.

பாய் மூடியத் தொறந்தாரு. ஆவி குபீர்னு. சோறு உதிரி உதிரியா, கோழி எலும்ப உட்டு கழண்டு வருது. ஜம்பு அண்ணன் பரிமாற வந்தாரு, கரண்டிய அக்கா புடுங்கிக்கிச்சி. அஞ்சலைக்கா எலைல மொத மொத ஒரு லெக் பீஸு.

"அண்ணே, ரோடு சூப்பரா கீது"னு எழிலு ஓட்டுனா.

"தொடாமயே சொல்றியே"னு ஜம்பு அண்ணன் முனகுனாரு.

"மேல இருந்து பாத்தா தான அயகு தெரியுது. வர வழில மாடி மேல மயிலு கோலம் பாத்தோம். ரோட்டுல வந்துருந்தா எங்க பாத்துருப்போம்?"

"போதும், அவருக்கு தல கனம் ஏறிடும்"னுச்சி விஜிக்கா. ஆனா ரெண்டு நாளுல மொத தபா, அவரு எலைலயும் ஒரு முட்டை கூட வுயுந்துது.

ராஜம்மா அப்பவே பலக தாண்டி வந்து எலைல குந்திட்டா, சந்தோஷ் தம்பியும் சேந்துக்கிச்சி. வாசத்துக்கு வராம இன்னா பண்ணும். பேச்சு எங்கெங்கயோ போச்சி. நாலாவது மாடில ஒருத்தரு ராத்திரி குடிச்சிட்டு லிப்ட்லயே தூங்கிட்டாராம், காத்தால அஞ்சலைக்கா அவர சுத்தி மாப் போட்டுட்டு வந்துச்சாம். சிரிச்சி சிரிச்சி அன்னம்மாவுக்கு பொற ஏறிடுச்சி.

அப்போ தான் அஞ்சலைக்கா போன் அடிச்சிது. பாத்துட்டு கவுத்து வச்சிடுச்சி. கொஞ்ச நேரத்துல எழிலு போன். அப்பால அன்னம்மாவுது. யாரும் எடுக்கல. அடுத்தது யாருதுனு எல்லாத்துக்கும் தெரியும். விஜிக்கா போன் அடிச்சிது. ஸ்ரீகாந்த் சார்.

அக்கா கைய கழுவிட்டு எடுத்துச்சி. "சொல்லுங்க சார்."

போன்ல சத்தம் நல்லா கேக்குது. "விஜி, அவங்க மூணு பேரும் உங்க கூடவா இருக்காங்க?"

"இங்க தான் சார் கீறாங்க."

"கிளப் ஹவுஸ் ஆறு மணிக்கு இன்னொரு பார்ட்டிக்கு குடுத்திருக்காங்க. உள்ள பூரா கிரீம், பேப்பர், கால் வைக்க முடியல. நீங்க நாலு பேர் வந்தா ஒரு மணி நேரத்துல முடியும். ஓ.டி. போட்டுடறேன். ஆட்டோ அனுப்பவா?"

விஜிக்கா ஒடம்பு பாதி எழுந்துடுச்சி. நெசமா. பதினோரு வருசம் பழகுன ஒடம்பு, அவரு கொரல் கேட்டதும் அதுவா எழுந்துக்குது. மூணு பேரும் எலைல கைய வச்சிக்கினு அது மூஞ்சியவே பாக்குறாங்க. அது போலாம்னு சொன்னா இவங்களும் கெளம்பிடுவாங்க. அக்கா கண்ணு செவுத்த தாண்டி கீய போச்சி. தெருவுல சாக்கு மேல தண்ணி மினுமினுங்குது.

"ஆட்டோ உள்ள வராது சார். தெருவுல சிமெண்ட் போட்டுகீது. இன்னும் காயல."

"அப்போ அவங்க மட்டும் எப்டி உள்ள வந்தாங்க?"

அக்காவுக்கு பொய் வராது. "மாடி வழியா சார்."

"அதே வழியா எறங்கலாமே."

விஜிக்கா போன காதுல வச்சிக்கினு நின்னுச்சி. ராஜம்மா விஜிக்காவ ஒரு பார்வ பாத்தா. எச்சி கையோடவே எழுந்து போனா, ஒத்த கையால பலகைய புடிச்சி தரதரனு இந்தப் பக்கமா இஸ்து, மாடி நடுவுல தொப்புனு போட்டா.

"பலக இல்லனு சொல்லு"னா.

"பலகைய எடுத்துட்டாங்க சார்."

"யாரு?"

"பக்கத்து ஊட்டம்மா."

"ஏன் எடுத்தாங்க?"

"அவங்க மாடி சார் அது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி விஜி. நான் வேற ஆள பாக்குறேன். ஹேப்பி நியூ இயர்."

"உங்களுக்கும் சார்."

போன வச்சிது. எழிலு தான் மொதல்ல சிரிச்சா, அப்பால பாய், அப்பால எல்லாரும்.

"ஏய், நீ எப்டிடி உன் ஊட்டுக்கு போவ?"னு விஜிக்கா கேட்டுச்சி.

ராஜம்மா அந்தப் பலக மேலயே குந்தி, எலைய மடில இஸ்து வச்சிக்கினா. "போவலாம், இன்னா அவசரம்? கோழி இன்னும் கீதா?"

விஜிக்கா அண்டாவுக்குள்ள கரண்டிய உட்டு, அடில இருந்து நல்ல துண்டா தேடிக்கினு இருந்துச்சி.